மொட்டைமாடியில் இரண்டடி

கேபிளுக்கு மாதம் இருநூற்று நாற்பது.
ரசீது கிடையாது.
சேவுகன் வருவான், பைக்கை அணைக்காமலே
ஹாரன் அடிப்பான்.
அவன் நோட்டில் என் பெயர்
"பின்கட்டு டீச்சர்".
நான் டீச்சர் இல்லை,
புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
திருத்தவில்லை.
டீச்சர்களுக்குப் பத்து ரூபாய் குறைவு.

டிஷ்ஷுக்கு எடுத்ததும் ஆயிரத்து அறுநூறு.
பிறகு மாதம் இருநூற்றுப் பத்து,
வேண்டிய சேனல் மட்டும் என்றால்.
வேண்டியது எது என்று
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து குறித்தேன்.
எட்டு மணித் தொடர்.
அவருக்குக் கிரிக்கெட்.
சமையல் சேனல் இல்லாமலும் குழம்பு கொதிக்கும்.

மாதம் முப்பது மிச்சம்.
போட்ட பணம் திரும்பி
ஐம்பத்து நான்காம் மாதம் லாபம் தொடங்கும்,
அதுவரை பெட்டி பழுதாகாமல் இருந்தால்.

முப்பது ரூபாயா பிரச்சினை?
கரண்ட் போனால் எங்கள் இன்வர்ட்டர் ஓடும்,
டிவி ஓடும்,
தெருமுனைக் கம்பத்தில் சேவுகனின் பெட்டி ஓடாது.
வெறும் நீலத் திரைக்குப் பேட்டரி தீரும்.
அன்றைக்குப் பாருங்கள்,
அவள் கடிதத்தைப் பிரிக்கிற நேரம் பார்த்துப் போனது.
மறுநாள் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.
என்ன எழுதியிருந்தது என்று
ஆலையில் சாக்குத் தைக்கிற செல்லப்பொண்ணுவிடம்
போய்க் கேட்டேன்.
அதை எந்தப் பத்தியில் செலவு எழுத?

சரி, டிஷ்ஷே என்று முடிவு செய்தால்
மொட்டைமாடிச் சுவரில் நான்கு ஓட்டை போடவேண்டும்.
வீடு பதினோரு பங்கு.
கோயில் வரிக்குப் புள்ளி, வீட்டுக்குப் பங்கு,
எண்ணுவதில் பள்ளத்தூரை மிஞ்ச ஊர் இல்லை.
நாங்கள் பின்கட்டில் இரண்டு அறை, வாடகை.
எல்லாரும் சரி என்று சொல்லட்டும் என்றார்
சாவி வைத்திருக்கும் வயிரவன்.
வாட்ஸப்பில் போட்டார்.

கோலாலம்பூர் உடனே சரி என்றது.
மயிலாப்பூர், முகப்பில் கஜலட்சுமி இருக்கிறாள்,
வேறு பக்கம் வைக்கட்டும் என்றது.
மாட்ட வந்த பையனோ
செயற்கைக்கோள் தென்கிழக்கில்தான்க்கா இருக்கு,
நகராது என்கிறான்.
ஹூஸ்டன் ஒரு கட்டைவிரல் அனுப்பியது.
அது சம்மதமா, படித்துவிட்டேன் என்பதா,
மூன்று நாள் பேசினார்கள்.
கோயம்புத்தூர் அந்த இரண்டடி இடத்துக்கு
மாதம் ஐம்பது கேட்டது.
ஐம்பதைச் சேர்த்தால் இருநூற்று அறுபது.
என் ஐம்பத்து நான்காம் மாதம்
இனி வரவே வராது.

ஆவணியில் பினாங்குக்காரர் காலமானார்.
அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கு.
இப்போது பதின்மூன்று பேர் சம்மதிக்கவேண்டும்.

ஐப்பசியில் சேவுகனுக்கு டெங்கு.
வசூலுக்கு ஆள் இல்லை,
நானே கொண்டுபோனேன்.
ரயில்வே கேட் தாண்டி ஓட்டு வீடு.
ஓட்டின்மேல்
டிஷ்.

நான் அதைப் பார்த்தேன்.
அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான்.
"கரண்ட் போனாலும் அவளுக்கு நாடகம் தெரியணும் டீச்சர்"
என்று சொல்லிவிட்டு
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

பணத்தை எண்ணி வாங்கிய பஞ்சவர்ணம்
காப்பி போட்டுக்கொடுத்து
அந்தக் கடிதத்தை வரி வரியாகச் சொன்னாள்.
செல்லப்பொண்ணு சொன்னதில் பாதி தப்பு.

இன்னும் கேபிள்தான்.
கரண்ட் போகிற ராத்திரி
பஞ்சவர்ணத்துக்குப் போன் போடுகிறேன்.
விளம்பரம் இல்லாமல் சொல்கிறாள்,
பன்னிரண்டே நிமிடம்,
மாமியார் குரல் மாமியாரைவிட நன்றாக வருகிறது.
சேவுகன் பின்னால் இருமுவது கேட்கும்.
போன் செலவை இன்னும் எழுதவில்லை.

நேற்று ராத்திரி ஹூஸ்டன் கேட்டிருக்கிறது,
எந்த டிஷ்?