பேரேட்டில் இருப்பவன்

கள்ளக் கையெழுத்துக்கு ஏழு வருடம்.
அதே கையெழுத்து அழகாயிருக்கிறதென்று
பண்டகசாலையில் உட்கார்த்திவிட்டார்கள்.
எதை எழுதினாலும் மூன்று பிரதி:
ஒன்று கமாண்டன்டுக்கு, ஒன்று ஹோபார்ட்டுக்கு,
ஒன்று எலிக்கு.

வான் டீமன் நிலத்தின் மேற்குக் கரை.
மழை, இல்லையென்றால்
மழைக்கு முந்திய காற்று.

ஏப்ரல் ஒன்பது.
டெனிஸ் கில்ஃபாய்ல், கார்க் பக்கத்தான்,
எண் நானூற்றுப் பதினேழு,
பைன் கட்டைகளை மிதக்கவிடும்போது
கால்விலங்கோடு வழுக்கினான்.
இரண்டு நாள் கொக்கி போட்டுத் தேடினார்கள்.
விலங்குக்குக் கணக்கு உண்டு.

இறந்தான் என்று எழுதவா?
உடல் எங்கே, என்றார் பிளென்கின்சாப் துரை.
ஓடிப்போனான் என்று?
பார்த்தவன் யார்?
ஹோபார்ட்டைக் கேட்டு எழுது.

அதுவரை கில்ஃபாய்ல் சாப்பிட்டான்.
நாளுக்கு ஒன்றரைப் பவுண்டு மாவு,
ஒரு பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி,
அரை அவுன்ஸ் சோப்பு.
மே மாதம் அவனுக்குப் புது பூட்ஸ் வந்தது.
ஜூனில் நடத்தை: நன்று.
உயிரோடிருந்த எந்த மாதமும்
அவன் அதை வாங்கியதில்லை.

மாவை யார் தின்றது என்று கேட்காதீர்கள்.
அவனோடு மரம் இழுத்தவர்கள் ஐந்து பேர்.
ஒபடையா ஸ்டிரட் மட்டும் தன் பங்கைத் தொடவில்லை.
மூன்றாம் வாரம் தொட்டான்.

பூட்ஸ் பெற்றுக்கொண்டதற்கு
அவன் இடவேண்டிய பெருக்கல் குறியை
நான் இட்டேன்.
பிறர் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதி
ஒரு வங்கியையே ஏமாற்றிய கை,
இரண்டு கோட்டுக்கு
மூன்று தாளைக் கிழித்தது.

ஆகஸ்ட் ஒன்பதில் கப்பல் வந்தது.
'மேற்படியாரை நீக்கவும்.
இறந்த நாளாக இக்கடிதத் தேதியைக் கொள்ளவும்.'
கடிதத் தேதி ஜூலை இருபத்தெட்டு.

ஆக, ஏப்ரலில் முங்கியவன்
ஜூலையில் செத்தான்,
எந்த ரொட்டிக்கும் யாரும் பொறுப்பில்லாமல்.
கடிதம் கடலில் இருந்த
பன்னிரண்டு நாள் மட்டும் இடித்தது.
பதினெட்டுப் பவுண்டு மாவு.
எலி தின்றதென்று எழுதினேன்.
மூன்று பிரதி.

பூட்ஸை அப்படி எழுத முடியவில்லை.
அலமாரியில் இருக்கிறது,
நாடா கட்டியபடி, சேறு படாமல்.
ஸ்டிரட் போட்டுப் பார்த்தான், கடித்தது.
என்ன செய்வதென்று கேட்டு
மறுபடி எழுதியிருக்கிறோம்.
துறைமுக வாயில் மணல்திட்டுக்கு அப்பால்
நேற்றிலிருந்து ஒரு பாய் தெரிகிறது.
காற்று விடவில்லை.