சர்க்கரை போடாதது

சர்க்கரை போடாத பிஸ்ஸாப் கேட்பவர்கள் இரண்டே வகை:
நீரிழிவுக்காரர்கள்,
அப்புறம் தெனே மிலோகோ.

குடிப்பதில்லை அவள்.
புட்டியை வெயில் படாமல் துணியில் சுற்றிக்கொண்டு
பல்கலைக்கழக வாசலுக்குள் ஓடுவாள்,
திருடிய கோழிக்குஞ்சை எடுத்துப்போவது போல.
முதல் வாரம் இஞ்சி தட்டிப் போட்டுவிட்டேன், பழக்கதோஷம்.
ஒரு நாள் வேலை நாசம் என்று
திரும்பி வந்து நின்றாள். பாதி அழுகை.

அதற்குப் பிறகுதான் சொன்னாள்.
கண்ணாடிமேல் வெள்ளைப் பொடியைக் குழைத்துத் தடவி
சட்டி போலச் சுட்டு எடுப்பாளாம்.
வெள்ளைக்கு வெயில் தெரியாது,
என் புளிச்சைப் பூவின் சிவப்பு ஊறினால்தான் தெரியும்.
வெளிச்சம் பட்டதும் சிவப்பு
தன் மடியிலிருந்து ஒரு துளி எடுத்துப்
பொடிக்குக் கடன் கொடுக்கும்.
அது ஊரைச் சுற்றிவிட்டு
அயோடின் வழியாக வீடு திரும்பும்.
“எத்தனை நாளில்?”
“கண் மூடித் திறப்பதற்குள்.”
என் கணக்கு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

போபோ-டியுலாஸோவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை,
கரண்டுக்குத்தான்.
ஜனவரி. ஹர்மட்டான் காற்று
புழுதியை மாவு மாதிரி சலித்துக் கொட்டிய மதியம்,
ஐஸ் பெட்டி வியர்த்துக்கொண்டிருக்க,
நான்கு கண்ணாடிச் சில்லுகளோடு வந்தாள்.
காகிதக் கவ்வி போட்டு இறுக்கியவை,
ஓரங்களில் என் சிவப்பு.
என் கால்குலேட்டரைக் கேட்டாள்
(மூன்று மாதமாகச் செத்துக் கிடப்பது).
முதுகைத் திறந்து, கம்பி முறுக்கி,
சில்லுகளை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தாள்.

ஒன்றுமில்லை.

இடுப்புத் துணியின் நுனியால் புழுதியைத் துடைத்தேன்.
பூஜ்யம் வந்தது,
சாம்பல் நிறத்தில், கூச்சப்பட்டுக்கொண்டு.

கூட்டிப் பார்க்கக் கையில் வேறென்ன இருக்கிறது?
அவள் பெயருக்கு நேரே இருந்ததைத் தட்டினேன்:
பதினான்கு புட்டி, முந்நூறு வீதம்.
நாலாயிரத்து இருநூறு பிராங்க்.
சரியாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்று குதித்தாள்.
பணம் தரவில்லை.

பதினோராம் நாள் எண்கள் மங்கின.
சில்லுகள் பால் விடாத தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன.
சாயம் வெளுத்துப்போச்சு என்று
பொய்க்காரனைத்தான் சொல்வோம்.
இது ஒரு பொய்யும் சொல்லவில்லை.
தின்ற வெயிலே அதைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் வந்தாள்.
இஞ்சி கூடாது, சர்க்கரை கூடாது,
இந்த முறை அடுப்பும் கூடாதாம்:
பச்சைத் தண்ணீரில், மூடிவைத்து, இரவு முழுக்க.
ஊறிக்கொண்டிருக்கிறது.
நோட்டில் பதினைந்து என்று எழுதிவிட்டேன்.