நான்கு பத்துக்கு ஒரு பள்ளம்

ஓடைக்குக் குறுக்கே ஒரு சிமெண்டுச் சுவர்.
அதன் நெற்றியில், கீழே கூராகும் ஒரு வெட்டு.
இந்தப் பள்ளத்தாக்கு என்ன சொல்ல நினைத்தாலும்
அந்த வாய் வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

நரின் ஆற்றுக்கு மேலே, இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம்.
பதினோரு வருடமாகப்
பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
பேட்டரி மாற்றுவதும்
பெட்டிக்குள் குடியேறிய சிலந்தியைக் கிளப்புவதும்
என் ஆராய்ச்சியில் பாதி.

மழை குறையவில்லை.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
மழைமானிக்குப் பொய் தெரியாது,
நிரம்பினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணும்.
முன்பு பனியாக வந்து மே வரை தங்கியது
இப்போது மழையாக வந்து நிற்காமல் போகிறது.
மற்றபடி கணக்கு சரி.
ஓடைதான் மெலிந்துவிட்டது.
ஆகஸ்டில் அந்த வெட்டில்
விரல் கனத்துக்கு ஒரு நீர் இழை.

தோக்தோசுன் குதிரையிலிருந்து இறங்காமலே கேட்டார்:
"ஊல்ஜான், உன் பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?"
அவர் சிரிக்கவில்லை.

பிர்ச் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.
தண்டில் இரண்டு ஊசிகள்.
ஒன்று சூடாகும், இன்னொன்று
அந்தச் சூடு மேலே போகும் வேகத்தைப் பார்க்கும்.
குடிப்பது இதுதான், என்றேன்.
நான் வந்த வருடத்தைவிடப் பன்னிரண்டு நாள் முன்பே தளிர் விடுகிறது,
ஒரு வாரம் கழித்தே இலை உதிர்க்கிறது.
அதோ அந்தச் சரிவில்
புல் மட்டுமே இருந்த இடத்தில்
முழங்கால் உயரத்துக்கு அர்ச்சாக் கன்றுகள்.
பச்சைதான் குடிக்கிறது.

நெடுநேரம் பார்த்தார்.
பிறகு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக:
"வெட்டிவிடு."
சேணத்தில் கோடாரி தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்டினால் நிழல் போகும், இருக்கிற பனியும் ஒரே மூச்சில் உருகும்,
கரை சரியலாம் என்றேன்.
சரியுமா, சரியாதா?
இருக்கலாம், என்றேன்.
பதினோரு வருடம் உட்கார்ந்து நான் சம்பாதித்த சொல்
அது ஒன்றுதான்.
"இந்த இருக்கலாமுக்கு
என் மனைவி அர்ச்சாக் கிளை கொளுத்தி
வீடு முழுக்கப் புகை போடுவாள்," என்று
கடிவாளத்தைத் திருப்பினார்.

இரவு, கூடாரத்தில் வரைபடம் விரித்தேன்.
பகலில் இறங்கி இரவில் ஏறும் கோடு.
உறங்குகிறவரின் மார்பு போல.
மரங்கள் குடித்த தடம் அது, எனக்குப் பழக்கம்.
ஆனால் ஜூலை ஒன்பதிலிருந்து
தினமும் மாலை நான்கு பத்துக்கு
நான்கு மில்லிமீட்டர் பள்ளம்.
கணினி சிவப்பில் வட்டமிட்டிருந்தது: பிழை.

மறுநாள் பாறை மேல் உட்கார்ந்து காத்தேன்.
நான்கு ஐந்து.
நான்கு எட்டு.
சரிவிலிருந்து பதினான்கு பெட்டைக் குதிரைகள் இறங்கி
சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரில் மூக்கை வைத்தன.
ஒரு குட்டி
தண்ணீரைப் பார்த்துப் பயந்து
தாயின் அடிவயிற்றில் முட்டியது.
பதினொரு நிமிடம்.
பிறகு நீர் தன் பழைய கோட்டுக்கு வந்தது.

பிழைகளுக்கு எங்களிடம் நான்கு குறியீடு உண்டு:
பனிக்கட்டி, இலை, பேட்டரி, தெரியவில்லை.
ஐந்து என்று போட்டேன்.

பிஷ்கெக்கிலிருந்து சயாகுல் கேட்டு எழுதியிருக்கிறாள்,
ஐந்து என்றால் என்ன என்று.
பதில் எழுதவில்லை இன்னும்.
மேல் ஓடையின் பேட்டரி நாளைக்குள் தீர்ந்துவிடும்,
ஏற வேண்டும்.