பன்னிரண்டில் ஏழாவது

ஹாமில்டன், பார்ட்டன் தெரு.
டோனட் கடைப் பின்மேசையில்
சீனித் தூளைத் துடைத்துவிட்டு
சதுரப் படங்களைப் பரப்புகிறோம்.

என் சுருளின் பன்னிரண்டில் ஏழாவது:
பனியில் பேருந்து நிறுத்தம்,
கம்பியில் யாரோ மாட்டிப்போன ஒற்றைக் கையுறை,
பின்னால் உருக்காலைப் புகை.

"சாம்பல் நன்றாய் இறங்கியிருக்கு,
அடிவானம்தான் சரிவு" என்றான் யூஜின்.
குனிந்து பார்க்கும் கண்ணாடியில்
இடம் வலமாகும். நிமிர்த்தப் போனால்
இன்னும் சாயும். சொல்லவில்லை.

மொரீன் இரண்டு வெள்ளை அட்டைகளை
மூலையில் வைத்து நகர்த்தினாள்.
"இந்தச் சப்பாத்து வேண்டாம்."
போனது.
படம் தேறிவிட்டது, உண்மைதான்.

கோப்பியைக் குடித்தேன்.

ஒளிமானியைப் பிடித்தபடி
"கெதியா எடு, கால் விறைக்குது" என்ற
தர்மினியின் சப்பாத்து.
பங்குனியில் வன்கூவர் போய்விட்டாள்.

வீட்டில் நெகட்டிவை விளக்கில் பிடித்தால்
பனியெல்லாம் கறுப்பு.
மூலையில் மட்டும்
இரண்டு கால் வெளிச்சம்.