ஞாயிற்றுக்கிழமைப் பாண்

கிழமையில் ஆறு நாள்
கொக்குவிலில் இருந்து கோண்டாவில் மட்டும்
ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கிறேன்.
ஓட்டோவின் தலையில் கட்டிய குழாய்
அதே மெட்டை அழுதுகொண்டே வரும்.
முதுகுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி,
அதற்குள் நூற்றியிருபது றாத்தல்,
மாலுபாண், சீனி ஒட்டிய கிம்புலா.
ஒன்றும் நான் சுட்டதில்லை.
மணமோ,
இரண்டாம் மாதமே மூக்கு அதை மறந்துவிட்டது.

ஞாயிறு, குழாயின் வயரைக் கழற்றிவிடுவேன்.

சுன்னாகத்தில், பழைய சாமான் கடையில்,
சீட்டுக் காசில் எடுத்த ஓவன்.
இடது பக்கம் கொஞ்சம் கூடச் சுடும்.
நளாயினி சொன்னாள்:
"லீவு நாளில் மீன்காரன்
தொட்டிக்குள்ள தூண்டில் போடுற மாதிரி இருக்கு."

முதல் ஞாயிறு வந்தது செங்கல்.
காகம் கொத்திப் பார்த்துவிட்டு
என்னை ஒருமுறை பார்த்தது.
இரண்டாம் ஞாயிறு நடுவில் களி.
மூன்றாவதில்தான் பிடிபட்டது:
எங்கள் கிணறு கொஞ்சம் உவர்,
உப்பில் அரைக் கரண்டி குறைக்க வேண்டும்.

இன்றைக்கு நாலாவது.
ஈஸ்ற் சீனித் தண்ணீரில் நுரைத்தது.
கோதம்ப மாவில் குழி செய்து ஊற்றினேன்.
முதலில் விரலெல்லாம் ஒட்டி வம்பு பண்ணும்.
பத்து நிமிடம் உள்ளங்கைக் குத்து வாங்கினால்
காதுச் சோணை போல மெத்தென்று வரும்.
பழைய சாரத்தை நனைத்து மூடி
யன்னலடியில் வைத்தேன்.
சித்திரை வெயிலுக்கு நாற்பது நிமிடம் போதும்.
சாம்பவி மூன்று தரம் சாரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.
"அப்பா, மூச்சு விடுது."

மா டின்னை வெட்டி அடித்த அச்சில் போட்டு
ஓவனுக்குள் தள்ளி
இருபது நிமிடம் ஆகவில்லை,
கரண்ட் போனது.

"திறக்காதேங்கோ!"
மீன்தொட்டிக் கதை சொன்ன அதே நளாயினி.
துவாய், கம்பளி, என் மழைக்கோட்டு,
காய்ச்சல்காரனைப் போர்த்துவது போல
ஓவனைப் போர்த்தினாள்.

மூன்று பேரும் குசினி நிலத்தில் இருந்தோம்.
விசிறி நின்ற வீட்டில்
மணம் மட்டும் நடமாடியது.
ஐந்து வருடமாக முதுகுக்குப் பின்னால் வந்தது
இன்றைக்குத்தான் முன்னால் வந்து நின்றது.

கரண்ட் வரவில்லை. பாண் வந்தது.
ஒரு பக்கம் கருகல், மற்றப் பக்கம் வெளிறல்,
உச்சியில் ஒரு வெடிப்பு.
அடியில் தட்டினால் வெறுங்குடத்துச் சத்தம்.
கத்தி தேட ஒருவருக்கும் பொறுமை இல்லை.
பிய்த்தோம்.
விரல் சுட்டது, ஊதினோம், திரும்பவும் சுட்டது.
செத்தல் மிளகாய்ச் சம்பல் கூட
இரண்டாம் துண்டுக்குத்தான் ஞாபகம் வந்தது.

சாம்பவி கேற் வரை போய்
அந்த மெட்டை வாயால் பாடிக்கொண்டு திரும்பினாள்.
"பாண்காரர், ஒரு றாத்தல் என்ன விலை?"
எல்லா விலையும் நுனிநாக்கில் இருக்கிற எனக்கு
இதற்கு ஒன்றும் வரவில்லை.
"சரி, கடனுக்குத் தாங்கோ."

திங்கள் விடியப்புறம் கடன் கொப்பியைத் திறந்தால்
தபால்காரர் வீடு முந்நூற்றிருபது,
றீச்சர் வீடு இரண்டு மாலுபாண்,
கீழே பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
சாம்பவி வீடு. ஒரு பாண். வாற ஞாயிறு தருவன்.

வயரைக் கொழுவினேன்.
மெட்டு அழத் தொடங்கியது.
முதல் ஒழுங்கையில் றீச்சர்
பாணை அமத்திப் பார்த்து,
"நேற்றையதோ?" என்றார்.

"இல்லை றீச்சர்.
நேற்றையது முடிஞ்சுது."