காலண்டர் கொட்டும் நாள்

மொன்டேவிடியோவில் வருடம் முடிவது
நள்ளிரவில் அல்ல, நண்பகலில்.
பழைய நகரத்து ஆபீஸ்கள் எல்லாம்
ஜன்னலைத் திறந்து
காலண்டரைக் கிழித்துக் கொட்டும்.
டிசம்பர் வெயிலில் காகித மழை.
கீழே வாளித் தண்ணீரோடும் சைடர் பாட்டிலோடும்
ஆள் பார்க்காமல் நனைக்கிறவர்கள்.

நான் மட்டும் கொட்டுவதில்லை.
என் மேஜைக் காலண்டரில் நாளுக்கொரு தாள்,
தாளுக்கொரு பாட்டு.
ஊரார் வரவு செலவை எழுதிப் பதினோரு வருடம்,
என் சொந்தக் கணக்கு இது ஒன்றுதான்.
முப்பத்தோராம் தேதி உட்கார்ந்து
பத்தைப் பொறுக்குவேன். பத்துதான்.
பதினொன்றாவதை வெட்டிவிட்டு ஒருமுறை
இரவெல்லாம் தூங்கவில்லை.

இந்த வருடம் நான் காபி போடப் போன நேரம்
மில்டன் (நல்லவன், கை நீளமல்ல, வேகம்)
என் மேஜையையும் காலி செய்துவிட்டான்.
"நெல்பா, உனக்கும் சேர்த்து நானே வீசிட்டேன்!"

நான்கு மாடி.
லிஃப்டுக்கு நிற்கவில்லை.

ரின்கோன் தெருவில் கணுக்கால் ஆழத்துக்கு நாட்கள்.
பேங்க்குடையவை, வக்கீலுடையவை,
மை கரைந்து நீலமாகிப்போன செவ்வாய்க்கிழமைகள்.
குனிந்தேன். முதுகில் ஒரு வாளித் தண்ணீர்.
நிமிரவில்லை.

முதலில் கிடைத்தது பிப்ரவரி பதினொன்று.
கார்னிவல் மேடையில் மூர்கா குழுவின்
விடைபெறும் பாட்டு.
பதினேழு தொண்டைகள், ஒரே மூக்கு.
ஓரத்தில் என் கையெழுத்து:
"மூன்றாவது ஆள் சாயம் வழிய அழுதான்.
நான் அழவில்லை. தூசி."

ஜூன் இரண்டு.
நூற்று இருபத்தொன்றாம் பஸ்ஸில் ஏறிய பெண்,
கிடாரில் ஒரு கம்பி குறைவு.
இரண்டாவது சரணம் மறந்துபோய்
முதல் சரணத்தையே மறுபடி பாடினாள்,
இந்தத் தடவை கோபமாக.
அதே சொற்கள். வேறு பாட்டு.
நான் பைக்குள் காசைத் துழாவி முடிப்பதற்குள்
இறங்கிவிட்டாள்.

மார்ச்: மெத்தைக் கடை விளம்பரம்.
சொல்ல வெட்கம்தான்.
விரட்ட விரட்டத் திரும்பும் பூனைபோல
மூன்று வாரம் உதட்டிலேயே கிடந்தது.
பத்துக்குள் அதற்கு இடம் கிடைத்திருக்காது.
ஆனால் இத்தனை தண்ணீருக்குத் தப்பியிருக்கிறது,
கழித்துக்கட்ட நான் யார்?

பிறகு ஆகஸ்ட் முப்பது, பாதித் தாள்.
சாந்தா ரோஸா புயல் அடித்த இரவு,
கரண்ட் போய், ஃப்ரிட்ஜும் வாய் மூடியிருக்க,
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
ரெபிகே முரசை விரல் நுனியால் மட்டும்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று,
பழகிக்கொண்டிருந்தார்கள்.
கேட்டது.
பாட்டின் பெயர் கிழிந்துபோன பாதியில்.
பெயர் இருந்ததா என்பதே இப்போது சந்தேகம்.

அவ்வளவுதான்.
முதலிடம் இதற்குத்தான் என்று
மே மாதமே முடிவு செய்து வைத்திருந்த பாட்டு
கிடைக்கவில்லை.
யார் செருப்பிலோ ஒட்டிக்கொண்டு
துறைமுகம் பக்கம் போயிருக்கும்.

மில்டன் இறங்கி வந்து தானும் தேடினான்,
தலையில் ஒரு நவம்பர் ஒட்டியிருப்பது தெரியாமல்.
"இது உன்னுடையதா?"
என்னுடையது இல்லை.
ஆகஸ்ட் பதினான்கு. பல் டாக்டர், நான்கு மணி.
அடியில் கோணலாக: பயப்படாதே.
வாங்கி வைத்துக்கொண்டேன்.
ஐந்தாவது அது.
மெட்டு இன்னும் பிடிபடவில்லை.

மூன்று மணிக்குக் குப்பை லாரி வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் நூற்று இருபத்தொன்றில்
ஜன்னலோர இருக்கை, மடியில் ஈரத் தாள்கள்.
பாட யாரும் ஏறவில்லை.
சில்லறையை
முன்னமே எடுத்து வைத்திருந்தேன்.