பதினோராம் நம்பர் பிளேடு

ரிக்கார்டியா என்று சொல்லித்தான் விற்றான்
சிவாஜிநகர் நஸ்ருல்லா.
ஆயிரத்து எண்ணூறு.
நீல விளக்குக்குக் கீழே எல்லாமே அழகு மேடம் என்றான்.
அது பொய்யில்லை.

வீட்டில் வெள்ளை விளக்கைப் போட்டு
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
ரிக்கார்டியா என்றால்
ஜவ்வரிசி கொட்டியதுபோல் உருண்டை உருண்டையாய் இருக்கும்.
டிஸ்கோசோமா என்றால் வழவழவென்று
பொரிக்காத அப்பளம்.
இதுவோ மேலெல்லாம் கிளைகிளையாய்ச் சிலிர்த்துக்கொண்டு,
யாரோ தலையைத் தப்பாகக் கோதிவிட்டதுபோல.
ரோடாக்டிஸ்.
உரக்கச் சொன்னேன்.
அது திரும்பிப் பார்க்கவில்லை.

காளான் பவளம் என்கிறோம்.
காளானும் இல்லை. பவளமென்றால்
கல் கட்டத் தெரியாத சித்தப்பா பிள்ளை.
தசை, கோழை, நடுவே ஒரு வாய்.
உண்பதும் அதிலே, கழிப்பதும் அதிலே.

கடலை நான் பார்த்தது இரண்டு முறை,
இரண்டு முறையும் செருப்பு தொலைந்தது.
தர்மபுரிக்காரிக்கு எதுக்குடி கடல்
என்று கேட்டாள் ரூம்மேட் விண்ணரசி.
ஹொரமாவில் வாரம் இரண்டு டேங்கர்.
அந்தத் தண்ணீரை வடிகட்டி உப்பைக் கொட்டி
ஒன்று புள்ளி பூஜ்யம் இருபத்தைந்து வரும்வரை
கிளறிக் கிளறி
பக்கெட்டில் செய்கிறேன் என் கடலை.
கரண்ட் போனால்
இன்வர்ட்டரில் முதலில் அலை,
அப்புறம்தான் ஃபிரிட்ஜ்.
தயிர் புளித்தால் விண்ணரசி பேசமாட்டாள்,
இரண்டு நாள்.

மார்ச்சில் ஒரு ராத்திரி
விரல் நீளக் கோபி மீனைக் காணவில்லை.
ரோடாக்டிஸ் சுருக்குப் பையாய்
இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
காலையில் விரிந்தபோது
அதன்மேல் ஒரு செதில்கூட இல்லை.
தொட்டியின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை
பலமுறை எண்ணினேன்.

அன்றைக்குத்தான் முடிவுசெய்தேன்,
வெட்டுவதென்று.
கோபமா ஆசையா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

ரத்த வங்கியில் நைட் ஷிஃப்ட் முடித்து
பையில் ஒரு பதினோராம் நம்பர் பிளேடு.
யாரையும் கேட்கவில்லை.
விண்ணரசியின் ஹோலிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்,
கோழை தெறித்தால் கண் எரியும்.
ஓரமாய் வெட்டுவது கோழைத்தனம்;
சரியாக வாயின் நடுவில் இறக்க வேண்டும்,
துண்டு ஒவ்வொன்றுக்கும்
வாயில் ஒரு பங்கு.
வீட்டைப் பாகம் பிரித்தவர்களுக்குத் தெரியும்
அது எவ்வளவு கஷ்டமென்று.

நாலு துண்டு.
பசை போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.
ஐஸ்கிரீம் டப்பாவில் கல்துண்டு பரப்பி
மேலே கொசுவலை, சுற்றி ரப்பர் பேண்ட்,
காற்றோட்டம் குறைந்த மூலை.
மூன்றாம் நாள் ஒன்று கரைந்து நாறியது.
ஸ்பூனால் எடுத்து
செம்பருத்தித் தொட்டியில் புதைக்கப் போய்
உப்பு நினைவு வந்து
குப்பையில் போட்டேன்.
மற்ற மூன்றும்
எட்டாம் நாள் கல்லைப் பிடித்தன.
பிறகு ஒரு சனிக்கிழமை, அரை வாய் இருந்த இடத்தில்
முழு வாய், அளவில் சின்னது,
இறாலுக்குத் திறந்தது.

வலையைக் கழற்றிக் கழுவும்போதுதான்
பெரிய பாறையின் பின்புறம் பார்த்தேன்:
ஐம்பது பைசா அளவில் ஐந்து.
பிளேடு தேடி நான் அலைந்த வாரங்களில்
அது பாட்டுக்கு நகர்ந்து,
நகர்ந்த தடமெல்லாம்
தன் காலைக் கிழித்துக் கிழித்து
விட்டுவிட்டுப் போயிருக்கிறது.
பார்த்துக்கொண்டே நின்றதில்
பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

இரண்டு துண்டை நஸ்ருல்லா வாங்கிக்கொண்டான்,
தலா நானூறு.
அடுத்த வாரம் உப்பு வாங்கப் போனபோது
நீல வெளிச்சத்தில் இரண்டும் ஜொலித்தன.
கண்ணாடியில் ஒட்டிய சீட்டில்
ரிக்கார்டியா, ஆயிரத்து எண்ணூறு.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
பர்ஸ் கையில்.

வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள்
என்றேன்.